ஊதா வெளுக்கும் நேரம்

இரண்டு புகைப்படங்களும் ஒரே மேசையைத்தான் காட்டின. முதல் படத்தை 108 ஆம்புலன்ஸில் வந்த உதவியாளர் எடுத்திருந்தார். மயங்கிக் கிடந்த பெண் எந்த ரசாயனத்தைச் சுவாசித்தாள் என்று டாக்டர் கேட்பார் என்பதற்காக, மேசை மேலிருந்த மெத்தனால் கேனின் லேபிளைப் படம் பிடித்திருந்தார். இரண்டாவது படம் போலீசார் எடுத்தது. ஆம்புலன்ஸ் புறப்பட்டுப் போய் நெடுநேரம் கழித்து. இரண்டிலும் கேனுக்குப் பின்னால் ஒரு சின்னத் தாங்கி, அதில் மூன்று கண்ணாடிக் குழாய்கள்.

முதல் படத்தில் இரண்டு குழாய்கள் மஞ்சள், மூன்றாவது ஊதா. இரண்டாவது படத்தில் மூன்றும் மஞ்சள்.

காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த தன் அலுவலகத்தில், சண்முகப்ரியா அந்தப் படங்களை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாகப் பணம் கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியவள். அவளுடைய உதவியாளர் சீனிவாசலு அவளைவிட நன்றாக மூத்தவர். கார் ஓட்டுவார், ஆள்களிடம் பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்குவார், மீதி நேரத்தில் அவர் வாய் சும்மா இருக்காது.

"மூணாவது குழாய் மட்டும் போலீசைப் பார்த்ததும் வெளுத்துப்போச்சுங்க மேடம்," என்றார், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

எதிரே உட்கார்ந்திருந்த அப்துல் குத்தூஸ் சிரிக்கவில்லை. சீனிவாசலு அதைக் கவனித்து, தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

குத்தூஸுக்குக் கோட்டைமேட்டில் பாத்திரக் கடை. அவருடைய மூத்த மகள் ரம்ஷா, கணபதியில் 'நலத்தளிர்' என்ற தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளர். மூலிகைப் பொருள்களைச் சோதித்து, டப்பாமேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்று சான்று கொடுக்கும் இடம் அது. போன வாரம் ஒரு சாயங்காலம் அங்கே கூடத்துத் தரையில் அவள் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்தில் மெத்தனால் பாட்டில் ஒன்று உடைந்து கிடந்தது. உயிர் தப்பிவிட்டாள். கண் தப்பவில்லை. எதிரே யார் வந்து நின்றாலும் வெள்ளைப் புகையாகத்தான் தெரிகிறது என்கிறாள்.

காலையிலிருந்தே அந்த ஆவியைச் சுவாசித்திருக்கிறாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட வேலை செய்யும் பிரத்யுஷா, தான் காலையிலேயே சோதனைக்கு முருங்கைக் கீரை வாங்க அன்னூர் போய்விட்டதாகவும், திரும்பி வந்து பார்த்த உடனே 108-ஐ அழைத்ததாகவும் போலீசில் சொல்லியிருந்தாள். ரம்ஷா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: பாட்டிலை உடைத்தது நான்தான். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லாததால், விபத்து என்று எழுதப்பட்டது.

குத்தூஸ் தன் கைகளை மேசை மேல் வைத்துக் காட்டினார். மகளுடைய இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் தோலுரிந்து கன்னிப்போயிருக்கின்றன என்றார். தரையில் விழுந்தால் அப்படி ஆகுமா? கேட்டால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறாளாம்.

"கண்ணு வருமான்னு உங்களை நான் கேக்கலீங்க அம்மணி. அது டாக்டரு பாடு, அல்லா பாடு. எம் புள்ளை அத்தாகிட்ட எதையும் மறைச்சதில்லீங்க. இப்ப எதை மறைக்கறான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அவர் போன பிறகும் சண்முகப்ரியா படங்களை விடவில்லை. போலீஸ் வரும்வரை கூடத்தைப் பூட்டி, வாசலில் காவலுக்கு ஆள் நின்றிருந்தார். யாரும் உள்ளே போகவில்லை. அப்படியானால் குழாயை யாரும் மாற்றி வைக்கவில்லை.

"தானா மாறியிருக்குதுங்ணா," என்றாள். "அது எப்ப மாற ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சாப் போதும்."

"ஊசிப்போன சாம்பாரை மோந்து பார்த்து, எப்ப வெச்சதுன்னு எங்க ஊட்டுக்காரி சொல்லுவாங்க. அந்த மாதிரிங்களா?"

"அதே மாதிரிதானுங்ணா."

நலத்தளிர் இருந்த தெருவில் இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள், கிரைண்டர் கம்பெனிகள், தகடு வெட்டும் பிரஸ்கள். இரும்பை இரும்பு அடிக்கும் சத்தத்தில் பேசுவதற்கே கத்த வேண்டியிருந்தது. இந்தத் தெருவில் ஒருவன் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாலும் தனக்கே கேட்காது என்றார் சீனிவாசலு. சண்முகப்ரியா நடப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

உரிமையாளர் நாச்சிமுத்து வாசலுக்கே வந்து வரவேற்றார். முன்பு உர வியாபாரம் செய்தவர். வேதியியல் தனக்குத் தெரியாது, நம்பிக்கையான ஆள்களை வைத்து நடத்துகிறேன் என்று அவரே சொன்னார். ரம்ஷாவைத் தன் வீட்டுப் பெண் மாதிரி நினைத்ததாகவும், சமீப காலமாக அவளுக்கு வேலையில் கவனம் குறைந்துவிட்டதாகவும், புகைபோக்கி விசிறியைப் போடாமலே மெத்தனாலைத் திறந்துவிட்டாள் என்றும் வருத்தப்பட்டார். அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. உடுமலைப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. யாரும் கேட்பதற்கு முன்பே போனை எடுத்து வீடியோ காட்டினார். பந்தியில் அவரே நின்று பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"பாயசம் ஊத்தறதுல கை நடுங்கலீங்க பாருங்க," என்றார் சீனிவாசலு பணிவாக. நாச்சிமுத்து அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ரம்ஷா கடைசியாக எதைச் சோதித்துக்கொண்டிருந்தாள் என்று சண்முகப்ரியா கேட்டாள். 'பசுந்துளி' என்ற முருங்கையிலைக் கேப்ஸ்யூல். தயாரிப்பவர் நாச்சிமுத்துவின் மைத்துனர். அன்னூர் சுற்று வட்டாரத்தில் ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு ஓர் அறக்கட்டளை இலவசமாகக் கொடுக்கப் போகிறது. கேப்ஸ்யூல் வண்டி அன்னூருக்குக் கிளம்பிவிட்டது, சான்று மட்டும்தான் பாக்கி. ரம்ஷா ஆஸ்பத்திரியில் இருப்பதால் பிரத்யுஷா கையெழுத்துப் போடுவாள், இன்று சாயந்திரம் அனுப்பிவிடுவோம் என்றார்.

அப்போது அவருக்கு மைத்துனரிடமிருந்து போன் வந்தது. சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பேசியபடியே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சோதனைக் கூடத்தில் பெரிய பெரிய ஜன்னல்கள். கடைசியில் ரசாயனங்கள் வைக்கும் சின்ன ஸ்டோர் ரூம். இரும்புக் கதவு, வெளியே தாழ்ப்பாள், மேலே ஆளுயரத்துக்கும் மேல் ஒரு வென்டிலேட்டர். சீனிவாசலு உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கையைக் காட்டினார். விரல் நுனியில் பச்சைப் பெயிண்ட்.

"கதவுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க மேடம். ஆனா உள்பக்கம் மட்டும். வெளிய துரு அப்படியே இருக்குது. ஊட்டுக்கு வெள்ளையடிக்கறவங்க வெளியதானுங்க மொதல்ல அடிப்பாங்க."

சண்முகப்ரியா கதவின் உள்பக்கத்தைக் கை வைத்துத் தடவினாள். பெயிண்டுக்கு அடியில், மார்பு உயரத்தில், தகடு லேசாகக் குழிந்திருந்தது. அவள் தன் விரல் முட்டிகளை அந்தக் குழியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு சீனிவாசலுவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. வேண்டாமே என்றார். வேறு வழியில்லை என்றாள் அவள்.

பிரத்யுஷா மேசைக்கு அருகே நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த பெண், தூங்கி நாளாகியிருந்தது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ரம்ஷாவின் நெருங்கிய தோழி. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளுக்குச் சாப்பாடு ஊட்டுவது இவள்தான் என்று குத்தூஸ் நன்றியோடு சொல்லியிருந்தார்.

"எனக்கு வேதியியல் பள்ளிக்கூடத்தோட சரிங்க கண்ணு," என்றாள் சண்முகப்ரியா. "ரம்ஷா செஞ்ச சோதனையை ஒரு தடவை செஞ்சு காட்டுவீங்களா?"

பிரத்யுஷா தயங்கினாள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு விசிறியைப் போட்டாள். வேலை தொடங்கியதும் அவள் கை நிதானப்பட்டது. ஒரு புட்டியிலிருந்து அடர்ந்த ஊதா நிறத் திரவத்தை மூன்று குழாய்களில் அளந்து ஊற்றினாள்.

இந்த ஊதாவுக்குள் இருப்பவை ஃப்ரீ ராடிக்கல்கள் என்று விளக்கினாள். ஒற்றையாய் நிற்கும் எலக்ட்ரானுக்கு ஜோடி தேடி அலைகிற மூலக்கூறுகள். கிடைத்த இடத்தில் பிடுங்கும். நம் உடம்புக்குள்ளும் இதே கூட்டம் உண்டு, செல்களைக் கெடுப்பது அதுதான். அவற்றுக்குக் குறைவதை யாராவது கொடுத்துவிட்டால் அடங்கிவிடும். இந்தக் குழாயில் அடங்கினால் ஊதா போய் மஞ்சளாகும். அப்படிக் கொடுக்கிற பொருளுக்குத்தான் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று பெயர்.

முதல் குழாயில் சுத்தமான வைட்டமின் சி கரைசலை விட்டாள். விட்ட கையோடு ஊதா காணாமல் போனது. இரண்டாவதில் பசுந்துளி கேப்ஸ்யூலைக் கரைத்து விட்டாள். அதுவும் அப்படியே, கண்ணிமைப்பதற்குள் மஞ்சள். மூன்றாவதில் நிஜ முருங்கையிலையின் சாறு. முதலில் ஊதா கொஞ்சம் மங்கியது. அதற்குப் பிறகு அசையாமல் நின்றது.

"இது கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டாள் சண்முகப்ரியா.

"இல்லீங்க. இலையில இருக்கறது ஃபீனாலிக் பொருள்கள். அதுக ஒரே மூச்சுல குடுக்காதுங்க. மொதல்ல கொஞ்சம் குடுக்கும். அப்பறம் அதுல இருந்து உருவாகறதும் குடுக்கும். மெதுவா, ரொம்ப நேரம் குடுத்துக்கிட்டே இருக்கும். கடைசில இதுவும் மஞ்சளாயிரும்."

"அப்ப எல்லாம் முடிஞ்சப்பறம் வந்து பார்த்தா, மூணுமே ஒண்ணாத்தான் தெரியும்."

"ஆமாங்க."

"வழக்கமா எப்பப் பார்ப்பீங்க?"

"முடிஞ்சப்பறம்."

ரம்ஷா மட்டும் நடுவில் பார்த்தாள். சண்முகப்ரியாவுக்கு இப்போது முழுவதும் விளங்கியது. கேப்ஸ்யூல் இலை மாதிரி நடந்துகொள்ளவில்லை. வைட்டமின் சி மாதிரி நடந்துகொள்கிறது. உள்ளே முருங்கையே இல்லை. ஏதோ ஒரு மாவில் பச்சை நிறமும் மலிவான வைட்டமின் சி தூளும். கடைசி நிறத்தை மட்டும் பார்க்கிறவர்களை ஏமாற்ற அது போதும். முருங்கை ரத்தம் ஊற வைக்கும் என்று நம்பி விழுங்கப்போகிற பெண்களுக்கு?

அவள் முதல் புகைப்படத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். பிரத்யுஷா அதைப் பார்த்தாள். பார்வையை எடுத்து மூன்றாவது குழாயின் மேல் வைத்தாள். அதன் ஊதா இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர் எடுத்த படத்தில் இருந்ததும் கிட்டத்தட்ட இந்த நிறம்தான்.

வெளியே பட்டறைகள் சாப்பாட்டுக்காக ஒவ்வொன்றாக நின்றன. தெரு திடீரென்று அமைதியானது. பிரத்யுஷாவின் பார்வை தன்னையறியாமல் ஸ்டோர் ரூம் பக்கம் போய்த் திரும்பியது. மறுபடியும் போனது.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர் ரூம் கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது. முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கையாலும்.

பிரத்யுஷா கத்தவில்லை. குழாய்த் தாங்கியைத் தட்டிவிட்டு ஓடினாள். தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். கை வழுக்கியது. மறுபடியும் இழுத்துக் கதவைத் திறந்து, உள்ளே நின்ற சீனிவாசலுவின் சட்டையைப் பற்றி வெளியே இழுத்தாள். அவள் சோதனையில் ஆழ்ந்திருந்தபோது அவரை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தது சண்முகப்ரியாதான்.

"மூச்சு விடுங்க. மூச்சு விடுங்க," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அவருடைய சட்டையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சீனிவாசலு அவளுக்கு எதிரே தானும் தரையில் உட்கார்ந்தார். ஒன்றுமில்லை அம்மணி, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சண்முகப்ரியாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "இந்த மாதிரி வேலை இனி எனக்குக் குடுக்காதீங்க மேடம்."

சண்முகப்ரியா எதிர்பார்த்து வந்தது வேறு. நாச்சிமுத்து பூட்டினார், நாச்சிமுத்துவே திரும்பி வந்து மேசையை ஜோடித்தார், இந்தப் பெண் பயந்து மறைக்கிறாள் என்றுதான் காலையில் நினைத்திருந்தாள். ஆனால் அவர் உடுமலையில் பந்தியில் நின்றது உண்மை. சோதனையும் ஜோடனை இல்லை. குழாயில் அளவு பிசகாமல் கலந்து நடந்த நிஜச் சோதனை அது. ஆம்புலன்ஸ் வந்தபோதும் மூன்றாவது குழாய் ஊதாவாகவே இருந்ததென்றால், அது தொடங்கி அதிக நேரம் ஆகியிருக்காது; ரம்ஷாவோ காலையிலிருந்தே ஆவியில் கிடந்தவள். அதைச் செய்யத் தெரிந்தவள் ரம்ஷாவைத் தவிர ஒருத்திதான்.

"நீங்க அன்னூர் போகவே இல்லை," என்றாள் மெதுவாக.

பிரத்யுஷா தலையசைத்தாள். பிறகு விட்டு விட்டுச் சொன்னாள்.

அன்று காலையில் ரம்ஷா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அறக்கட்டளைக்கு நானே போன் செய்து சொல்கிறேன் என்றாள். நாச்சிமுத்து அவளுடைய போனை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கட்டும் என்றார். பிரத்யுஷாவிடம், நீ மறுபடியும் சோதனை செய்து கையெழுத்துப் போடு, அவள் வழிக்கு வந்தால் திறந்துவிடு, இல்லையென்றால் நான் வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உடுமலைக்குப் புறப்பட்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் உள்ளே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. வென்டிலேட்டரை எட்ட ரம்ஷா அலமாரி மேல் ஏறியிருக்கிறாள், பெரிய பாட்டில் சரிந்து விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு கதவைத் தட்ட ஆரம்பித்தாள்.

"நான் சோதனை செஞ்சேனுங்க," என்றாள் பிரத்யுஷா. "அவ சொன்னது தப்பாயிருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். தப்புன்னா கையெழுத்துப் போட்டுட்டு, கதவைத் தொறந்துவிட்டு, அவளையும் சமாதானம் பண்ணிரலாம். வேலையும் போகாது, அவளும் போக மாட்டா. ஆனா அவ சொன்ன மாதிரியேதான் வந்துச்சு. இலை சரியில்லையோன்னு வேற இலை எடுத்து மறுபடியும் செஞ்சேன். அப்பறம் இன்னொருக்கா. நடுவுல எப்பவோ தட்டறது நின்னுபோச்சு. கோவத்துல உக்காந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

"வாசனை வரலீங்களா கண்ணு?"

"வந்துச்சுங்க." கையுறைகளைக் கழற்றினாள். "தொறந்து பார்த்ததும் மொதல்ல 108-க்குக் கூப்பிடலீங்க. சாருக்குக் கூப்பிட்டேன். கூடத்துக்கு இழுத்துப்போடு, கண்ணாடித் துண்டை அங்க கொண்டு போய்ப் போடுன்னு சொன்னாரு. போட்டேன். அதுக்கப்பறம்தான் 108."

மேசையில் கவிழ்ந்த தாங்கியிலிருந்து ஊதாவும் மஞ்சளும் கலந்து ஒழுகிக்கொண்டிருந்தது. யாரும் துடைக்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் போக அவள் மறுக்கவில்லை. போவதற்கு முன் ரம்ஷாவைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றாள். தினமும் சொல்லலாம் என்றுதான் போவாளாம். ஊட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவாளாம். சீனிவாசலு காரை எடுத்தார். சான்றை நாச்சிமுத்து அனுப்புவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதால் சண்முகப்ரியா அறக்கட்டளைக்கும் ஸ்டேஷனுக்கும் போனில் சுருக்கமாகச் சொன்னாள். வாய்ப் பேச்சு போதாது, எழுத்தில் வேண்டும் என்றார்கள் அறக்கட்டளைக்காரர்கள். நாச்சிமுத்து அவர்களிடம் முன்கூட்டியே பேசியிருந்தார். ரம்ஷாவுக்கு மனநிலை சரியில்லை, விபத்துக்குப் பிறகு ஏதேதோ உளறுகிறாள் என்று.

ரம்ஷா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் துப்பட்டா, மடியில் கட்டுப்போட்ட இரண்டு கைகள். குத்தூஸ் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்துக்கு ரம்ஷா முகத்தைத் திருப்பினாள்.

"பிரத்யு, கூட யாரு?"

சண்முகப்ரியா தன்னைச் சொன்னாள். பிரத்யுஷா கட்டிலுக்கு ஓரடி தள்ளியே நின்றாள். வாயைத் திறந்தாள்.

ரம்ஷா அவளைக் காத்திருக்க வைக்கவில்லை.

"கதவுக்கு அந்தப் பக்கம் நீ இருந்தது எனக்குத் தெரியும். பட்டறைக நின்ன நேரத்துல நீ இருமுனே. தும்மவும் செஞ்சே. நான் உம் பேரைச் சொல்லித்தான் தட்டுனேன்."

குத்தூஸின் கையிலிருந்த ஆரஞ்சு அப்படியே நின்றது. அவர் ஒரு பெண்ணைப் பார்த்தார், இன்னொரு பெண்ணைப் பார்த்தார். தினமும் ஊட்டிவிட்ட அந்தக் கையைப் பார்த்தார். எழுந்தார். சீனிவாசலு அவர் தோளைத் தொட்டு, கொஞ்சம் பொறுங்க பாய் என்றார்.

"தெரிஞ்சுமா எதுவும் சொல்லலை?" என்று கேட்டாள் சண்முகப்ரியா.

"யாருகிட்டச் சொல்றதுங்க?" ரம்ஷாவின் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "பாட்டிலை உடைச்சேன்னு மட்டும் சொன்னேன், அது நெசம். மத்ததைச் சொன்னா, கண்ணு போனவ பொலம்பறான்னு சாரு சொல்லுவாரு. அன்னிக்கு லேப்லயே இல்லைன்னு இவளும் சொல்லுவா. அதோட மாத்திரையும் பாஸாயிரும். கதவைத் தொறந்தவ சொன்னாத்தான் நிக்கும். அதான் தெனமும் இவ வரட்டும்னு இருந்தேன். தெனமும் சோறு ஊட்டிட்டுப் போயிட்டே இருந்தா."

பிரத்யுஷா அழ ஆரம்பித்தாள். மன்னித்துவிடு என்றாள்.

"அதை இப்பக் கேக்காதே. எனக்குச் சொல்ல வராது." ரம்ஷா வெறும் காற்றைப் பார்த்தபடி இருந்தாள். "நீயும் செஞ்சு பார்த்தே இல்ல? சாரு உங்கிட்ட மறுபடியும் செய்யச் சொன்னதை உள்ள இருந்து கேட்டேன். என்ன வந்துச்சு?"

"நீ சொன்னதுதான். மூணு தடவையும்."

ரம்ஷா மூச்சை விட்டாள். அந்த ஒரு விஷயம் மட்டும்தான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது என்பது சண்முகப்ரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்டோர் ரூமில் கிடந்தபோதும், இந்தக் கட்டிலில் கிடந்த இத்தனை நாளும், ஒருவேளை நாம்தான் தப்போ என்ற சந்தேகத்தோடு அவள் இருந்திருக்கிறாள்.

"அப்ப எழுது. என்னால கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட முடியாது. நீ போடு."

சண்முகப்ரியா பையிலிருந்து தாள் எடுத்துக் கொடுத்தாள். பிரத்யுஷா கட்டிலோரத்து மேசையில் குனிந்து எழுதினாள். பேனா பல இடங்களில் நின்றது. எழுதி முடித்ததும் ரம்ஷா வாசிக்கச் சொன்னாள். கேப்ஸ்யூல் கரைசல் ஊதாவை உடனே வெளுக்கச் செய்கிறது. முருங்கையிலைச் சாறு மெதுவாக, நீண்ட நேரத்தில் வெளுக்கச் செய்கிறது. இரண்டையும் நேரம் நேரமாக ஒப்பிட்டதில், கேப்ஸ்யூலில் முருங்கையிலை இல்லை என்று தோன்றுகிறது.

"கடைசி வரி," என்றாள் ரம்ஷா.

பிரத்யுஷா மறுபடியும் வாசித்தாள்.

"'தோன்றுகிறது'ன்னு எழுதாதே. நீ மூணு தடவை பார்த்திருக்கே. 'இல்லை'ன்னு எழுது."

பிரத்யுஷா 'என்று தோன்றுகிறது' என்பதை அடித்தாள். 'இல்லை' என்பதோடு முற்றுப்புள்ளி வைத்து, கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். சண்முகப்ரியா அதைப் போனில் படமெடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அறக்கட்டளையிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. கேப்ஸ்யூல் வண்டியை அன்னூரிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பிரத்யுஷா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குத்தூஸ் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் பக்கம் பார்க்கவில்லை. அவள் வாசலைத் தாண்டி, தானாகவே காரை நோக்கி நடந்தாள். ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சீனிவாசலுவிடம் கேட்டாள்.